சீருடை அணிந்த மருத்துவம்: பெருந்தொற்றுக் காலத்தில் படைத்துறை மருத்துவர்கள் ஆற்றிய பணி

2021-ஆம் ஆண்டின் கோடையில் உறவினரைப் பறிகொடுத்த குடும்பத்தினர், செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம், கல்பாக்கம் வரையுள்ள ஊர்களில் இன்றும் பலர் உள்ளனர். அவர்கள் வேறு ஏதோ உடல்நலக் குறைவுக்காக மருத்துவமனைக்கு வரும்போதும், பேச்சின் முடிவில் ஒரு கேள்வி எழுவதுண்டு. “அன்றைக்கே எல்லாவற்றையும் ராணுவத்திடம் ஒப்படைத்திருந்தால் எங்கள் வீட்டவர் பிழைத்திருப்பாரா, டாக்டர்?” தொலைக்காட்சியில் அவர்கள் கண்ட பெரிய விமானங்களும் போர்க்கப்பல்களும் அக்கேள்விக்குப் பின்னால் நிற்கின்றன. ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. படைத்துறை மருத்துவப் பணி அப்போது எதைச் செய்தது, எதைச் செய்ய இயலவில்லை என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு பழைய உறவை நினைவுகூர்வோம். நாம் இன்று அரசு மருத்துவமனை என்று அழைக்கும் அமைப்பே நம் மாநிலத்தில் படைவீரர்களுக்காகத் தோன்றியதுதான். சென்னை அரசுப் பொது மருத்துவமனை 1664-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் நோயுற்ற சிப்பாய்களுக்காகப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கப்பட்டது. பொது மக்களின் சுகாதாரத்தைப் பற்றி அரசு கவலைப்படத் தொடங்கியதும் ஏறக்குறைய அவ்வாறே. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயப் படைவீரர்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர் என்று 1863-இல் ஓர் அரச ஆணையம் கண்டறிந்தது. போர்க்களத்தில் இறந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே. காலரா, வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல் ஆகியவையே எஞ்சியோரைக் கொன்றன. மறு ஆண்டே சென்னை, வங்கம், பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் ஏற்பட்டன. வீரர்களின் குடிநீரைத் தூய்மைப்படுத்த வேண்டுமெனில் ஊரின் குடிநீரையும் கவனித்தாக வேண்டும் என்ற எளிய உண்மை அப்போதுதான் ஆட்சியாளர்களுக்குப் புரிந்தது. தன்னலத்தில் பிறந்த நற்செயல் என்றே அதை நான் கருதுகிறேன். ஆயினும் பலன் மக்களுக்கும் கிட்டியது.

கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து ஆய்வு நிலையத்தின் பெயர் கொரோனாக் காலத்தில் வீடுதோறும் ஒலித்தது. தமிழகத்தில் கொரோனாப் பரிசோதனையை முதலில் தொடங்கிய ஆய்வகங்களில் அதுவும் ஒன்று. 1899-இல் நிறுவப்பட்ட அந்நிலையம், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங் என்பவரின் பெயரைத் தாங்கியது. அவர் ‘இந்திய மருத்துவப் பணி’ என்னும் படைத்துறை சார்ந்த அமைப்பின் அதிகாரி. மலேரியாக் கொசுவைப் பற்றிய உண்மையை 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸும் அதே அமைப்பைச் சேர்ந்தவர். சென்னைப் பிரிவில் பணிக்குச் சேர்ந்தவர். பின்னாளில் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்ககம் அமைந்தபோது, அதன் தலைமைப் பொறுப்பிலிருந்த ஏ.ஜே.எச். ரஸ்ஸலும் அவ்வமைப்பின் அதிகாரியே. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே அவ்வகையில் முதலாவது. முகக்கவசம் அணியாதவர்களிடம் 2020 செப்டம்பரில் அபராதம் வசூலிக்க வகை செய்தது அதே சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம்தான்.

இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1918-ஆம் ஆண்டின் இன்புளூயன்சா, முதல் உலகப் போரின் படை நடமாட்டத்தோடு பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்து ரயில் பாதைகளைப் பற்றிக்கொண்டு நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவ அதிகாரிகளில் பலர் அப்போது கடல் கடந்த போர்முனைகளில் இருந்தனர். நோயைக் கொண்டுவந்ததும் படைதான். நோய் வந்தபோது மருத்துவரை இல்லாமல் செய்ததும் படைதான். நாட்டு விடுதலைக்குப் பின், பி.சி. ராய் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி முப்படைகளின் மருத்துவப் பிரிவுகளும் ஒரே தலைமையின் கீழ் இணைக்கப்பட்டன. 1948-இல் புனேயில் படைத்துறை மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. கொரோனாவை எதிர்கொண்டது இந்த அமைப்பே.

தாம்பரத்தில் தனித்திருந்தோர்

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்றுதான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நான்கு மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில் பெருந்தொற்று வந்து சேர்ந்தது. 2020 மார்ச்சில் மலேசியாவிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் நம் மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே தனிமைப்படுத்தப்பட்டனர். அதற்கு முன்பே, பிப்ரவரி தொடக்கத்தில் வூகானிலிருந்து மீட்கப்பட்டவர்களை ஹரியானாவின் மானேசரில் ராணுவம் தங்கவைத்திருந்தது.

படைத் தளம் எதற்கு, விடுதிகள் போதாவா என்று அப்போது சிலர் கேட்டனர். தனிமைப்படுத்தல் என்பது அறைக் கதவைப் பூட்டிவிடுவது அன்று. உணவு எவ்வழியாக உள்ளே செல்கிறது, கழிவு எவ்வழியாக வெளியே வருகிறது, ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் உடன் தங்கியிருந்தோர் யார் யார், அவர்களை எங்கே மாற்றுவது, பணியாளர் எந்த முறையில் உள்ளே போய்த் திரும்ப வேண்டும் என்பனவற்றையெல்லாம் முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும். பாசறை வாழ்க்கையில் அம்மை, மஞ்சள்காமாலை போன்ற தொற்றுகளை அடக்கிப் பழகிய படை மருத்துவர்களுக்கு இவ்வொழுங்கு புதியதன்று. நம் மாவட்டத்துக்கும் அது முற்றிலும் புதியதன்று என்பேன்: தாம்பரம் காசநோய் மருத்துவமனையும் திருமணி தொழுநோய் மருத்துவமனையும் பல தலைமுறைகளாக இங்கே உள்ளன. அவற்றில் நெடுநாள் தங்கியவர்களின் குடும்பத்தினர், பிரிவு என்பதன் பொருளை நம் அனைவருக்கும் முன்பே அறிந்தவர்கள்.

கடல் வழியிலும் இதுவே நடந்தது. 2020 மே 5 அன்று தொடங்கிய ‘சமுத்திர சேது’ நடவடிக்கையில் ஐ.என்.எஸ். ஜலஷ்வா உள்ளிட்ட நான்கு கப்பல்கள், மாலத்தீவு, இலங்கை, ஈரான் நாடுகளிலிருந்து 3,992 இந்தியரை அழைத்து வந்தன. ஜலஷ்வா முதல் பயணத்தில் மாலேயிலிருந்து கொச்சிக்குக் கொண்டுவந்த 698 பேரில் 19 பேர் கருவுற்ற பெண்கள். ஜூன் தொடக்கத்தில் கொழும்பிலிருந்தும், ஜூலை முதல் நாளில் ஈரானிலிருந்தும் அக்கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. ஈரானிலிருந்து வந்தோரில் பலர் நம் மாநிலத்து மீனவர். கப்பலில் குளிரூட்டிக் காற்று ஒரே குழாய்களில் சுழலும், படிக்கட்டுகள் குறுகியவை, நூற்றுக்கணக்கானோர் ஒரே கூடத்தில் உறங்க வேண்டும். சுவாச நோய் பரவுவதற்கு இதனினும் ஏற்ற இடம் இல்லை. ஆகவே பயணிகள் தங்கும் பகுதி, மாலுமிகள் தங்கும் பகுதி, நோய்க்குறி கண்டோர் தங்கும் பகுதி எனக் கப்பல் பிரிக்கப்பட்டது. கூடுதல் மருத்துவரும் செவிலியரும் உடன் சென்றனர்.

ஆக்சிஜன் கணக்கு

இரண்டாம் அலையைப் பற்றிப் பேசும்போது ஆக்சிஜனைப் பற்றிப் பேசாமல் இருக்க இயலாது. 2021 மே மாதத்தின் முதல் வாரம் செங்கல்பட்டு மக்களால் எளிதில் மறக்க இயலாத வாரம். அவ்வாரத்தின் மே 4 அன்று இந்திய விமானப்படையின் சி-17 விமானம், பிரிட்டனிலிருந்து 450 ஆக்சிஜன் சிலிண்டர்களைச் சென்னைக்குக் கொண்டு வந்து சேர்த்தது. மே 10 அன்று ஐ.என்.எஸ். ஐராவத் சிங்கப்பூரிலிருந்து எட்டுப் பெரிய குளிர்தொட்டிகளையும் 3,600-க்கும் மேற்பட்ட சிலிண்டர்களையும் விசாகப்பட்டினத்தில் இறக்கியது. நாட்டுக்குள்ளேயும் விமானங்கள் ஓயாமல் பறந்தன.

அவ்விமானங்கள் சுமந்து சென்ற லாரித் தொட்டிகள் காலியானவை என்பதைக் கேட்டு வியந்தோர் உண்டு. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸ் குளிரில் இருப்பது. சிறிது வெப்பம் ஏறினாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரியும். வானில் அழுத்தம் மாறும் நிலையில் நிரம்பிய தொட்டியை விமானத்துக்குள் ஏற்றுவது பேராபத்து. எனவே காலித் தொட்டிகளை ஆக்சிஜன் ஆலை இருக்கும் இடத்துக்கு விமானத்தில் விரைந்து கொண்டுபோய், நிரப்பியபின் ரயிலிலும் சாலையிலும் திருப்பிக் கொணர்ந்தனர். இதனால் ஒரு வழிப் பயணத்தின் நாட்கள் மிச்சமாயின.

அந்த 450 சிலிண்டர்களைக் குறித்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு இருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் செலுத்தினால் நாளொன்றுக்கு 14,400 லிட்டர் தேவை. அதாவது ஒரு சிலிண்டர் அவருக்கு அரை நாளுக்குக்கூட வாராது. 450 சிலிண்டர்களும் சேர்ந்து சுமார் 220 நோயாளிகளை ஒரு நாள் காப்பாற்றும். மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை செலுத்தும் கருவியில் இருப்பவர்களுக்கோ ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரமே தாங்கும். கண்டம் தாண்டிப் பறந்து வந்த அவ்வுதவியைக் குறைத்து மதிப்பிட இதைக் கூறவில்லை. அந்த ஒரு நாள், ரயில் வந்து சேரும் வரையில் தாக்குப்பிடிக்க உதவிய நாள். ஆனால் அது ஒரு நாள்தான் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

இதனோடு மற்றொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்குச் சுவாசக் காற்றை வழங்குவதற்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம் ஒரு தொழில்நுட்பத்தை உருவாக்கியிருந்தது. காற்றை அழுத்தி, ஜியோலைட் என்னும் கனிமத் துகள்களின் ஊடே செலுத்தினால் நைட்ரஜன் அதில் தங்கிவிடும். ஏறத்தாழ 93 விழுக்காடு ஆக்சிஜன் மறுபுறம் வெளிவரும். அதே முறையில் நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் ஆலைகள் 2021-இல் நாடெங்கும் மருத்துவமனைகளில் நிறுவப்பட்டன. அவற்றைச் செய்து கொடுத்த நிறுவனங்களுள் ஒன்று கோயம்புத்தூரைச் சேர்ந்தது. இத்தகைய ஓர் ஆலை நாளொன்றுக்கு 14.4 லட்சம் லிட்டர் தரும். பிரிட்டனிலிருந்து வந்த 450 சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவை அது இரண்டேகால் நாளில் உண்டாக்கிவிடும். மருத்துவமனையின் பின்புறத்தில் இரைச்சலிட்டுக்கொண்டிருக்கும் அந்த இரும்புப் பெட்டியை யாரும் படம் பிடிப்பதில்லை. அதை மாதந்தோறும் இயக்கிப் பார்க்கிறார்களா, துகள்களை உரிய காலத்தில் மாற்றுகிறார்களா என்பதில்தான் அடுத்த பெருந்தொற்றின் ஆக்சிஜன் கணக்கு அடங்கியிருக்கிறது.

பனிமலை உச்சிகளில் பணியாற்றும் வீரர்களுக்காக உருவான மற்றொரு கருவி, நோயாளியின் ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவைத் தானே உணர்ந்து, தேவையான அளவுக்கு மட்டும் வாயுவைத் திறந்து விடும். சிலிண்டரைச் சிக்கனமாகச் செலவிட அது உதவியது.

யாரை முதலில் பார்ப்பது?

பின்னால் வந்தவரை முதலில் உள்ளே அழைத்துச் சென்றார்கள் என்ற மனத்தாங்கல் பல குடும்பங்களில் ஆறாத புண்ணாக இருப்பதை அறிவேன். வரிசைப்படி அல்லாமல் நோயின் கடுமைப்படி நோயாளிகளைத் தரம் பிரிக்கும் முறையும் போர்க்களத்தில் பிறந்ததே. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே என்பவர், பதவியையும் கொடியையும் பாராமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சை அளித்தார். கொரியப் போரில் 1950 முதல் பணியாற்றிய இந்தியாவின் 60-ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவருடைய பிரிவும் போர்க்களத்தில் அம்முறையையே கையாண்டது. இரண்டாம் அலையில் நம் ஊர்களில் அமைந்த முதற்கட்டப் பரிசோதனை மையங்கள் இம்முறையின் வழிவந்தவையே: வீட்டில் இருக்கலாம், கண்காணிப்பு மையத்துக்குச் செல்ல வேண்டும், உடனே மருத்துவமனையில் சேர வேண்டும் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பினர். இம்முறை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை நோயாளியின் குடும்பத்துக்கு அந்த இடத்திலேயே ஒருவர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு ஆளில்லாத இரவுகள் பல இருந்தன.

ஆள் பற்றாக்குறையைப் படைத்துறை எவ்வாறு சமாளித்தது என்பதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தில்லிக் கன்டோன்மென்டில் 2020 ஜூலையில் 1,000 படுக்கைகளுடன் எழுந்த மருத்துவமனையைப் படை மருத்துவர்களும் செவிலியரும் நடத்தினர். 2021-இல் அகமதாபாத் மருத்துவமனைக்குக் கடற்படை 57 பேர் கொண்ட மருத்துவக் குழுவை அனுப்பியது. ஓய்வுபெற்ற படை மருத்துவர்கள் இ-சஞ்சீவனி வழியே தொலைபேசித் திரையில் நோயாளிகளைப் பார்த்தனர். இவற்றோடு, மருத்துவம் படிக்காத வீரர்களுக்குப் போர்க்களச் செவிலிய உதவியாளர் பயிற்சி அளித்து, அவர்களையும் வார்டுகளில் பணியமர்த்தினர். நாடி பார்த்தல், ஆக்சிஜன் அளவைக் குறித்தல், முகமூடி சரியாகப் பொருந்தியுள்ளதா எனக் காணுதல், நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தல் ஆகியவற்றுக்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. பயிற்சியும் பொறுமையும் போதும்.

நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரான உங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். குப்புறப் படுக்கும்போது நுரையீரலின் முதுகுப் பக்கத்துக் காற்றறைகள் விரிந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுகிறது. அதைச் செய்யச் செலவே இல்லை. ஒரு வீட்டில் ஒருவராவது இவற்றை முறையாகக் கற்றிருந்தால் வார்டில் உள்ள செவிலியரின் சுமை பாதியாகக் குறையும்.

படைத்துறையிலிருந்து வந்தவை எல்லாம் பொன் என்றும் கொள்ள வேண்டாம். படை ஆய்வகத்தில் உருவான 2-டி.ஜி. என்னும் தூள் மருந்துக்கு 2021 மே மாதத்தில் அவசர அனுமதி கிடைத்ததும், அதைத் தேடிக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. அது உயிரிழப்பைக் குறைத்தது என்பதற்கு உறுதியான சான்று வரவில்லை. தேசியச் சிகிச்சை நெறிமுறையில் அது இடம்பெறவில்லை. அதே காலத்தில், மிக மலிவான டெக்சாமெதசோன் என்னும் பழைய ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும் குறைத்தது என்பது 2020 ஜூனிலேயே பெரும் ஆய்வொன்றில் தெளிவாகியிருந்தது. 2020 மே 3 அன்று ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மீது மலர் தூவின. அந்த அன்புக்கு நன்றி. எனினும் மலரைவிட முகக்கவசங்கள் வந்திருந்தால் அன்று நாங்கள் கூடுதலாக மகிழ்ந்திருப்போம்.

தொடக்கத்தில் கூறிய கேள்விக்கு என் கருத்து இது: படைத்துறை மருத்துவம் விரைவையும் ஒழுங்கையும் தரும், எண்ணிக்கையைத் தராது. அதன் மருத்துவரும் செவிலியரும் முதலில் படையினரையும் அவர்தம் குடும்பங்களையும் காக்கக் கடமைப்பட்டவர்கள். நாட்டின் மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் அவர்களைப் பகிர்ந்தளித்தால் ஓரிடத்துக்குச் சிலரே வருவர். செங்கல்பட்டின் பெருஞ்சுமையைத் தாங்கியவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பணியாளர்கள், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரே. கோவளம் மீனவர் குடியிருப்பில் தடுப்பூசிக்கு மக்கள் தயங்கியபோது, தன்னார்வலர்கள் பிரியாணியும் பரிசுக் குலுக்கலும் அறிவித்து இளைஞர்களை முகாமுக்கு அழைத்து வந்தனர். அப்படிப்பட்ட வேலையை எந்தப் படையாலும் செய்ய இயலாது.

முன்னாள் படைவீரர்கள் நம் மருத்துவமனைக்கும் வருகின்றனர். அவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கண்டிருக்கிறேன். படையில் உடல்நலக் குறைவை அன்று காலையிலேயே தெரிவித்துவிட வேண்டும். மறைத்தால் அது குற்றம். ஆகவே அவர்கள் காய்ச்சல் கண்ட நாளையும், மாத்திரை உண்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு முதல் நாளிலேயே வந்துவிடுகின்றனர். நம்மில் பெரும்பாலோர் கஷாயம், கடை மாத்திரை என்று நான்கைந்து நாட்களைக் கழித்த பின்னரே வருகிறோம். மூச்சுத்திணறல் தெரியும் முன்பே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடுவது இந்நோயின் இயல்பு; அந்த நான்கைந்து நாட்கள் விலை மதிப்பற்றவை.

பருவ மாற்றத்தில் காய்ச்சலும் இருமலும் மிகும் நாட்களில், முதியோர், நீரிழிவு நோயாளிகள், நுரையீரல் நோய் உள்ளோர் வாழும் வீடுகளில் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டரும் ஒரு குறிப்பேடும் வைத்திருங்கள். நகப்பூச்சை அகற்றி, குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடேற்றி, அமர்ந்த நிலையில் காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள். 94-க்குக் குறைந்தாலோ, வீட்டுக்குள் ஆறு நிமிடம் நடந்தபின் அளவு மூன்று புள்ளிகளுக்கு மேல் இறங்கினாலோ காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். ஐயம் மட்டுமே எனில் 104-இல் ஆலோசனை பெறலாம். நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவு வேறுபடும். அவர்களுக்குரிய எண்ணை அவர்தம் மருத்துவரிடம் கேட்டு அக்குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது அந்தக் குறிப்பேட்டையும் தவறாமல் எடுத்து வாருங்கள்.